மஞ்சள் துணி கட்டிய வேலிகாத்தான்

செண்பகத்துக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கிறது, அதற்கு நேரம்தான் இல்லை. இருட்டோடு பெரும்பாக்கத்தில் பஸ் ஏறி, கோட்டூர்புரத்தில் இறங்கி, அடையாற்றங்கரையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு விட்டு, நாள் முழுக்கக் கத்தி, சாயங்காலம் அதே பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கிக்கொண்டு வீடு போகிறவளுக்கு வெள்ளி எது, செவ்வாய் எது? அப்படிப்பட்டவள் ஆற்றின் இரண்டு கரையிலும் மரத்துக்கு மரம் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பெரிய பக்தை என்றுதான் நினைத்தார்கள். பக்தியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அது அவள் தொழில்.

கரையை அடைத்துக்கொண்டு நிற்கும் வேலிகாத்தானை வேரோடு எடுக்க வேண்டும். சீமைக்கருவேலம் என்று புத்தகத்தில் போடுவார்களே, அதுதான். எடுத்த இடத்தில் இந்த மண்ணுக்கென்று உள்ள புங்கனும் பூவரசும் நீர்மருதும் தாழையும் மறுபடி வர வேண்டும். அந்தக் கன்றுகளுக்கு விதை மேற்கிலிருந்து வரும். அடையாற்றுக்குத் தண்ணீர் கொடுக்கிற ஏரிக்கரைகளில், ஆதனூரிலும் மணிமங்கலத்திலும், செண்பகத்தின் ஆட்கள் கோடையில் போய்ப் பொறுக்கி வருவார்கள். அங்கேயும் வேலிகாத்தானை எடுக்க வேண்டும். விட்டால் மழைத் தண்ணீரோடு அதன் காய் மிதந்து வந்து, போன வருஷம் சுத்தம் செய்த இடத்தில் இந்த வருஷம் முளைத்து நிற்கும். ஏரி முதல் கடல் வரை எல்லாம் ஒரே வேலை என்று இஞ்சினியர் பிரணவ் படம் போட்டுக் காட்டிய பிறகுதான் செண்பகத்துக்கு அந்தக் கணக்கே பிடிபட்டது.

கரையில் ஏற்கெனவே நிற்கிற நாட்டு மரங்களைத் தொடக் கூடாது. முதல் வருஷம் அவற்றுக்குச் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டார்கள். அப்போது வந்த ஜேசிபிக்காரன், சிவப்பு என்றால் எடுக்க வேண்டியது போலிருக்கிறது என்று ஒரு வரிசைப் பூவரசைச் சாய்த்துவிட்டான். தப்பியது ஒன்றே ஒன்று. அன்றைக்குச் செண்பகம் போட்ட சத்தம் அக்கரையில் அபிராமபுரம் வரை கேட்டதாம். மறுநாள் ஒரு பழைய வேட்டியைக் கிழித்து, மஞ்சள் கரைத்த வாளியில் முக்கி எடுத்து வந்தாள். நிறுத்த வேண்டிய மரத்துக்கெல்லாம் ஒரு முடிச்சு. அதோடு தீர்ந்தது. ஜேசிபிக்காரன் மட்டுமா? விறகுக்கு வெட்டுகிறவன், கேபிள் பதிக்கிறவன், கார் நிறுத்த இடம் பார்க்கிறவன், எல்லாரும் மஞ்சளைப் பார்த்ததும் தள்ளிப் போனார்கள். காவலுக்கு ஆள் போட்டிருந்தால்கூட இத்தனை பத்திரமாக இருந்திருக்காது.

பொன்மணி வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகு. கரையோரம் இன்னும் இடிக்கப்படாமல் மிச்சமிருந்த ஓடக்காரச் சந்தில் அவளுக்கு வீடு. புருஷன் இல்லை, அறிவு என்று நாலு வயதில் ஒரு பையன். முதல் நாள் துணிக்கட்டைக் கையில் கொடுத்ததும் அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

"இன்னாடி பண்றே?" என்று சிரித்தாள் செண்பகம். "அடையாளத்துக்குத்தான் கட்றோம். செருப்ப போட்டுக்கினு கட்டு, முள்ளு ஏறிடப் போவுது."

பொன்மணி செருப்பை மாட்டிக்கொண்டாள். செண்பகம் அதை அன்றைக்கே மறந்துபோனாள்.

ஆடி மாசத்தில் அறிவுக்குக் காய்ச்சல் வந்தது. பையன் பிழைப்பானா என்று சந்தே பயந்தது. பொன்மணி சில நாள் வேலைக்கு வரவில்லை. வந்தபோது பையன் தேறியிருந்தான். அவள் வீட்டுக்கு எதிரே, கரைமேட்டை ஒட்டி நின்ற வேலிகாத்தான் மரத்தில் ஒரு மஞ்சள் துணியும் தொங்கியது. அந்தச் சந்துக்கு இருந்த ஒரே மரம் அது. அடுத்த வெள்ளிக்கு அதனடியில் ஒரு கல் வந்தது. அப்புறம் குங்குமம், எலுமிச்சம்பழம், கூழ்ப்பானை. சுப்புராயன் என்கிற பெயிண்டர் ஒரு சூலத்துக்கு வெள்ளி வர்ணம் அடித்து நட்டார். தகரக் கூரையும் வந்தது. எதை ஒழிப்பதற்காகச் செண்பகம் சம்பளம் வாங்குகிறாளோ அந்த மரம், அவள் வாளியில் நனைந்த துணியாலேயே அம்மன் ஆகிவிட்டது.

அந்த மரம் நின்ற இடம்தான் வினை. சந்தின் மழைத் தண்ணீர் ஒரு கால்வாய் வழியாகக் கரையைத் துளைத்து ஆற்றில் விழும். ஆறு பெருகினால் தண்ணீர் திரும்பி உள்ளே வந்துவிடாமல் இருக்க, அந்தத் துளையில் ஓர் இரும்புப் பலகையை இறக்கி அடைப்பார்கள். ஷட்டர் என்பார்கள். மரத்தின் அடி சரியாக அந்த ஷட்டர் இறங்குகிற வழியில் வளைந்து உட்கார்ந்திருந்தது. மரம் நிற்கும்வரை ஷட்டர் இறங்காது.

செண்பகம் இதைப் பார்க்காமல் இல்லை. ஆடி போகட்டும் என்றாள். புரட்டாசி போகட்டும் என்றாள். அந்தத் துண்டு அடுத்த டெண்டரில்தானே வருகிறது என்று பிரணவும் சொன்னான். தள்ளிப்போடுகிற விஷயத்தில் மட்டும் படித்தவனும் படிக்காதவளும் எவ்வளவு ஒற்றுமை!

கார்த்திகையில் மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டி, மூன்றாம் நாள் மத்தியானம் பிரணவ் போன் செய்தான். அவன் அக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"செண்பகம்மா, மேல ஏரியைத் திறந்துட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள ஆறு ஏறிடும். அந்த ஷட்டரை இறக்கியாகணும். மரத்தை எடுத்துடுங்க."

"ஈஸியா சொல்லிட்டே சார்," என்றாள் செண்பகம்.

ஜேசிபி ஓட்டுகிற தௌசீஃப் ஆதம்பாக்கத்துப் பையன். கூப்பிட்டதும் மழையில் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். சந்து முனையில் இறங்கி மரத்தைப் பார்த்தான். மஞ்சள் துணி, சூலம், கல். திரும்பி வந்து வண்டிச் சாவியைச் செண்பகத்திடம் நீட்டினான்.

"அக்கா, மஞ்சத் துணிய தொடாதேன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான். இப்ப நீயே எடுன்றே. சரி, உனக்காவ எடுக்கறேன்னு வை. தௌசீஃபு கோயில இடிச்சிட்டான்னு நாளைக்கு எவனாவது போட்டோ போட்டா? எனக்கு அம்மா கீது, தங்கச்சி கீது. வேணாங்க்கா."

அவன் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. அவள் கூட்டிவந்த பெண்களும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டார்கள். மரத்துக்கு முன்னால் சந்துக்காரர்கள் கூடி நின்றார்கள். நடுவில் சுப்புராயன், தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு.

"இன்னா செண்பகம், ஆத்தாவ வெட்ட வந்துட்டியா?"

"மாமா, ஆறு வருது. ஷட்டர் எறங்கலன்னா உன் வூட்டுக்குள்ளதான் மொதல்ல பூரும்."

"இன்னிக்கி மரத்த வெட்டுவே. நாளைக்கு வூட்ட இடிக்கறதுக்கு வழி சரியாயிடும். ஆத்தா நிக்கறதாலதான் இத்தினி நாளா ஒருத்தனும் உள்ள வரல. நீ இந்தச் சந்துல பொறந்தவதானே? பெரும்பாக்கத்துக்குப் போனதும் அவங்க ஆளாயிட்டியா?"

செண்பகத்துக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அவள் இந்தச் சந்தில் பிறந்தவள்தான். அவள் வீடு இருந்த இடத்தில் இப்போது தாழம்புதர் நிற்கிறது, அவளே வைத்தது. பெரிய வெள்ளத்துக்கு அப்புறம் ஒருநாள் காலையில் லாரி வந்தது. பாத்திரம், பாய், கட்டில் எல்லாவற்றையும் ஏற்றி, அவளையும் மேலே ஏற்றினார்கள். பெரும்பாக்கத்தில் இறக்கியபோது எந்தக் கட்டிடம், எந்தக் கதவு என்று சொல்ல ஆளில்லை. மழையில் கட்டிலைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ராத்திரி வரை நின்றாள். ஆகாயத்தாமரை அள்ளக் கூலிக்கு வந்து, இங்கே மேஸ்திரி ஆனதெல்லாம் அதற்குப் பிறகு. அதையெல்லாம் இப்போது சுப்புராயனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

கீழே ஆறு நிறம் மாறிவிட்டிருந்தது. காலையில் கறுப்பாக ஓடியது இப்போது செம்மண்ணாக, ஆகாயத்தாமரையைத் திட்டுத்திட்டாகச் சுமந்துகொண்டு ஓடியது. கால்வாய்த் துளையின் உதட்டைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

போலீஸைக் கூப்பிடலாம். வந்து கூட்டத்தைத் தள்ளி மரத்தை எடுத்துவிடுவார்கள். செண்பகம் போனைக் கையில் எடுத்தாள். உடனே இன்னொன்று உறைத்தது. ஊர் பார்க்க ஒரு மஞ்சள் துணி மரத்தைச் சாய்த்தால், நாளை முதல் மஞ்சள் துணி வெறும் துணிதான். ஆற்றங்கரை நெடுக அவள் காப்பாற்றி வைத்திருக்கும் மரங்களை எவன் வேண்டுமானாலும் வெட்டுவான். வெட்டாவிட்டாலோ இன்று இந்தச் சந்து மூழ்கும். போனை மடியில் செருகினாள்.

அவள் கோபம் திரும்பிய இடம் பொன்மணி. எல்லாவற்றுக்கும் அவள்தானே ஆரம்பம்! முழங்காலளவு சாக்கடைத் தண்ணீரில் நடந்து அவள் வீட்டு வாசலுக்குப் போனாள். பொன்மணி அரிசிக் குண்டானை அலமாரிக்கு மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். பையன் கட்டிலுக்கு மேல் போட்ட நாற்காலியில் பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தான்.

"உன்னாலதாண்டி எல்லாம்!" என்று கத்தினாள் செண்பகம். "அடையாளத்துக்குக் கட்ற துணியப் போயி சாமின்னு நெனச்சிக்கினியே, உனக்கு மூள கீதா?"

பொன்மணி குண்டானை வைத்துவிட்டுத் திரும்பினாள். அழவில்லை.

"அடையாளம்னு எனக்குத் தெரியும்க்கா. மொத நாளே சொன்னியே."

"அப்பறம் இன்னாத்துக்குடி கட்னே?"

"அன்னிக்கி மாத்திரயும் குடுத்தாச்சி, ஊசியும் போட்டாச்சி. புள்ள கொதிக்கறான். ஆள அடையாளம் தெரியாம ஒளர்றான். கோயிலுக்கு ஓடலாம்னா இவன வுட்டு எப்டிக்கா போறது? பையத் தொறந்தா உன் துணிதான் இருந்திச்சி. வெளிய வந்தா இந்த மரந்தான் இருந்திச்சி. செருப்ப கழட்டி வெச்சிட்டு கட்னேன்." பையன் வாயோரத்துப் பிஸ்கட் தூளைத் துடைத்துவிட்டாள். "நீ கட்னா அடையாளம். நான் கட்னா ஆத்தா. துணி ஒண்ணுதான்."

செண்பகத்துக்கு வெட்கமாக இருந்தது. யாருக்கும் தெரியாத ஒரு தந்திரத்தைத் தான் மட்டும் வைத்திருப்பதாக அவள் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் ஊரை ஏமாற்றினாள் என்றால், பொன்மணி யாரையும் ஏமாற்றவில்லை. வாசற்படியைத் தாண்டித் தண்ணீர் ஒரு நாக்கு உள்ளே நீட்டியது. பையன் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்து, "தண்ணி, தண்ணி" என்றான்.

"பொன்மணி," என்றாள் செண்பகம். இந்தத் தடவை கத்தவில்லை. "இந்தப் புள்ளைக்காவத்தானே கட்னே. இப்ப இவனுக்காவத்தான் கேக்கறேன். இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு."

பொன்மணி பையனைப் பார்த்தாள். அப்புறம் முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"ஆத்தா வருவா. கூப்ட்டா வருவா. ஆனா மொதல்ல எடம் குடு. எந்தக் காலத்துலயும் வெட்ட மாட்டேன்னு நீ சொல்ற மரமா காட்டு. உன்ன லாரில ஏத்திட்டு அப்பால எடம் தேடுனாங்களே, அந்த மாரி ஆத்தாவ மழையில நிக்க வெக்காத."

செண்பகம் கரைமேட்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "பூவரசு," என்றாள். "மேட்டுல தனியா நிக்குதே, அன்னிக்கி ஜேசிபிக்குத் தப்புன ஒண்ணு, அது. என் உசிரு இருக்கற வரைக்கும் எவனும் தொட மாட்டான்."

பொன்மணி ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து, மஞ்சள் போட்டு, வேப்பிலையைச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பையனைப் பக்கத்து வீட்டு மாடிப்படியில் ஏற்றி உட்கார வைத்தாள். கூட்டம் அவளைப் பார்த்ததும் வழிவிட்டது. சுப்புராயன் மட்டும் அசையவில்லை.

"ஆத்தா உத்தரவு குடுத்தாளாம்மா?"

"வேண்டிக்கினது நான், கட்னது நான்," என்றாள் பொன்மணி. "அவிக்கறதுக்கும் நாந்தான் மாமா. நீ வேண்டிக்கினு கட்டியிருந்தா நீ சொல்லு, கேக்கறேன்."

அதற்கு மேல் யாரும் வாயைத் திறக்க முடியாது. நேர்ந்துகொண்டவளுக்கும் சாமிக்கும் நடுவில் நுழைய அந்தச் சந்தில் ஒருவருக்கும் தைரியம் கிடையாது. சுப்புராயன் ஆற்றைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். தலையிலிருந்த பிளாஸ்டிக் பையை எடுத்துவிட்டுக் குனிந்து கல்லைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

பொன்மணி முடிச்சை அவிழ்த்தாள். நனைந்து இறுகியிருந்ததால் சுலபத்தில் வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். செம்பைத் தலையில் வைத்து, துணியைத் தோளில் போட்டு, கரைமேட்டில் நடந்தாள். பின்னால் கல்லோடு சுப்புராயன், சூலத்தோடு ஒருத்தி, அவர்களுக்குப் பின்னால் சந்தே. குலவை போட்ட பெண்களின் சத்தம் மழையில் பாதிதான் கேட்டது. செண்பகம் ஓட்டமாக முன்னால் போனாள். இப்போது ஆறு துளையின் உதட்டைத் தொட்டுவிட்டிருந்தது.

பூவரசில் முன்பு கட்டிய துணி மழையில் கிழிந்து போயிருந்தது. அதனடியில் பொன்மணி கையிலிருந்த துணியைச் செண்பகத்திடம் நீட்டினாள்.

"நீ கட்டுக்கா."

"நானா? நீதானே..."

"நான் கட்னா எங்க சந்து மட்டுந்தான் கும்புடும். நீ கட்னாத்தான் உன் ஆளுங்களும் மிஷினும் தொடாது. ரெண்டும் வேணும்."

செண்பகம் துணியை வாங்கி மரத்தைச் சுற்றிக் கையை நீட்டினாள். சந்து முழுக்க அவளையே பார்த்தது. பொன்மணி பார்த்தது அவள் காலை. செண்பகம் ரப்பர் செருப்பிலிருந்து காலை உருவி, சேற்றில் வைத்தாள். பழைய வேலிகாத்தான் முள் ஒன்று குதிகாலில் ஆழமாக ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டாள்.

அப்புறம் நடந்தது எல்லாம் ஓட்டம்தான். "இப்ப அது வெறும் மரந்தானேக்கா?" என்று தௌசீஃப் கேட்டான். "மரந்தான் நைனா, தூக்கு," என்றாள். அடியில் சங்கிலி போட்டு இழுத்தான். மரம் முறிந்ததே தவிர, வேர்க்கட்டை ஷட்டர் இறங்கும் பள்ளத்திலிருந்து வரவில்லை. ஆற்றுத் தண்ணீர் துளை வழியாகச் சந்துக்குள் சுருண்டு வர ஆரம்பித்தது. செண்பகம் நொண்டிக்கொண்டே பள்ளத்தில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் கோடாலியால் கட்டையைக் கொத்தினாள். அவளுடைய பெண்களும் இறங்கினார்கள். சுப்புராயன் கடப்பாரையோடு குதித்தார். மேலிருந்து தௌசீஃப் கத்தினான், "எல்லாம் ஏறுங்கோ, இன்னொரு இழுப்பு!"

கட்டை பிடுங்கிக்கொண்டு வந்தது. துருப்பிடித்த ஷட்டர் பாதியில் நின்றது. அதன் மேல் ஆள்மேல் ஆளாக ஏறி நின்று மிதித்தார்கள். ஒரு கிறீச்சல், பிறகு கீழே போய் உட்கார்ந்தது. வெளியே ஆறு வந்து இரும்பில் மோதியது. ஓரத்தில் கொஞ்சம் கசிந்தது, அவ்வளவுதான். யாரோ மோட்டார் கொண்டுவரப் போனார்கள். சந்தில் முழங்காலளவு நின்ற தண்ணீர் அதற்கு மேல் ஏறவில்லை.

செண்பகம் மாடிப்படியில் அறிவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கால் விண்ணென்று தெறித்தது. பொன்மணி வந்து அவள் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வேண்டாம் என்றதைக் கேட்கவில்லை. பொன்மணியின் கழுத்தில் தாலிக்கயிறு இருந்த இடத்தில் வெறும் கறுப்புக் கயிறு. அதில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்து, முள்ளைச் சுற்றிக் கிளறினாள்.

"செருப்பு எங்கக்கா?"

"ஆத்தா கிட்டயே கீது."

முள் முழுசாக வந்தது. பையன் அதைக் கையில் வாங்கி உற்றுப் பார்த்தான்.

"மழை விட்டதும் துணி நனைக்கணும்," என்றாள் செண்பகம். "அந்தாண்டக் கரையில பாதி கிழிஞ்சி தொங்குது."

"அடையாளத்துக்கா, ஆத்தாவுக்கா?"

செண்பகம் தூரத்தில் பூவரசைப் பார்த்தாள். மழையில் மரம் சரியாகத் தெரியவில்லை, மஞ்சள் மட்டும் தெரிந்தது.

"மரத்த நான் காட்றேன்," என்றாள். "நீ கட்டு."

பொன்மணி ஊக்கைத் துடைத்துக் கயிற்றில் மாட்டிக்கொண்டு, பையனைத் தூக்கி இடுப்பில் வைத்தபடி வீட்டுக்குள் தண்ணீர் இறைக்கப் போனாள்.